சிறுநீர்த் தொல்லையும் ஆணின் மனநிலையும்: இரண்டையும் சேர்த்து அளந்து சரிசெய்யும் முறை

ஐம்பதைக் கடந்த ஆண்களின் சிறுநீர்த் தொல்லை எவ்வளவு கடுமையானது என்பதை அளக்க, உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 1992-ஆம் ஆண்டு அளவுகோலை அடிப்படையாகக் கொண்ட அதற்குப் பன்னாட்டுப் புரோஸ்டேட் அறிகுறி மதிப்பெண் என்று பெயர். புரோஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. மருத்துவமனைகளில் சுருக்கமாக ஐ.பி.எஸ்.எஸ். என்பார்கள். கடந்த ஒரு மாதத்தில் சிறுநீர் முழுவதும் வெளியேறாத உணர்வு, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருத்தல், விட்டு விட்டு வருதல், அடக்க முடியாமை, தாரை மெலிதல், முக்கிப் போக வேண்டியிருத்தல், இரவில் எழுதல் ஆகிய ஏழுக்கும் தலா 0 முதல் 5 வரை மதிப்பெண் இட்டுக் கூட்ட வேண்டும். மொத்தம் 35-இல் 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-உம் அதற்கு மேலும் கடுமை. இவற்றுக்குப் பிறகு, இந்தக் கூட்டலில் சேராத எட்டாவது கேள்வி ஒன்று தனியாக நிற்கிறது: வாழ்நாள் முழுவதும் உங்கள் சிறுநீர் நிலை இப்போதிருப்பது போலவே நீடித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? இதற்கு மிகுந்த மகிழ்ச்சி என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 6.

அவசரத்தில் பலர் நிரப்பாமல் விட்டுவிடும் இந்த எட்டாவது கேள்விதான் முதலில் பார்க்கப்பட வேண்டியது என்பது என் எண்ணம். ஏழு கேள்விகளில் 9 மட்டுமே பெற்றவர் எட்டாவதில் 6 போடுவதும், 24 பெற்றவர் வயதானால் இதெல்லாம் சகஜம் என்று 1 போடுவதும் அரிதல்ல. முதலாமவர் எதையும் முன்கூட்டியே அஞ்சும் சுபாவம் உள்ளவராகவோ, மனச்சோர்வில் இருப்பவராகவோ இருக்கலாம். மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தும் தொல்லை தீராமல், தேவையற்ற அறுவைச் சிகிச்சைக்கும் அவர் தயாராகிவிடுவார். இரண்டாமவர் எதையும் வெளியே காட்டாத மனிதர். சிறுநீர்ப்பையில் எப்போதும் நீர் தேங்கி நின்று சிறுநீரகம் பழுதாகும் வரை வாய் திறக்கமாட்டார். ஆகவே இந்த வழிகாட்டியின் முதல் வேலை, எட்டு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, அறிகுறியின் மதிப்பெண்ணும் மனத்தின் மதிப்பெண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே. பொருந்தாவிட்டால், சிறுநீர்ப் பாதையை மட்டும் சரிசெய்து காரியம் முடியாது.

மனம் சிறுநீரைப் பாதிக்கிறது என்று சொன்னவுடன், எல்லாம் உன் கற்பனை என்று சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். உடலியல் அப்படிச் சொல்லவில்லை. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலினும் அதைப் போன்ற நரம்பு வேதிப்பொருள்களும் புரோஸ்டேட் சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள மென்தசைகளை ஆல்ஃபா ஏற்பிகள் வழியாக இறுக்குகின்றன. புரோஸ்டேட் வீக்கத்துக்குப் பெரும்பாலோருக்கு முதலில் எழுதித்தரப்படும் டாம்சுலோசின் மாத்திரை தளர்த்துவதும் அதே ஏற்பிகள் வழியாகத்தான். சிறுநீர் கழிப்பதை இயக்கும் மையம் மூளைத்தண்டில் இருப்பதை 1925-இல் பிரிட்டிஷ் மருத்துவர் பாரிங்டன் பூனைகளில் ஆராய்ந்து காட்டினார். அந்த மையத்தை, இப்போது வேண்டாம், பொறு என்று கட்டுப்படுத்துவது முன்மூளை. கவலையும் தூக்கமின்மையும் முன்மூளையின் அந்தப் பிடியைத் தளர்த்தக்கூடியவை. எதிர்த்திசையில், நாள்தோறும் மூன்று நான்கு முறை எழுந்து தூக்கம் கெட்டவருக்கு மனச்சோர்வு வருவதிலும் வியப்பு எதுவும் இல்லை.

இயல்பு எது, மாற்றம் எது

அடுத்த வேலை, பழைய சுபாவத்தையும் புதிய மாற்றத்தையும் பிரிப்பது. இளமையிலிருந்தே முன்கோபக்காரராக இருப்பவரின் கோபம் சுபாவம். அறுபது வயது வரை பொறுமைசாலி என்று பெயரெடுத்தவர் ஓராண்டாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார் என்றால் அது மாற்றம், அதற்குக் காரணம் தேடியாக வேண்டும். இதைத் தனக்குத் தானே மதிப்பிடுவது கடினம் என்பதால், மனைவியிடமோ உடன்பிறந்தவரிடமோ கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. நான் மாறிவிட்டேனா என்று பொதுவாகக் கேட்டால் வீட்டில் சண்டைதான் பதிலாக வரும். போன தீபாவளிக்குச் செய்து இந்தத் தீபாவளிக்குச் செய்யாமல் விட்டவை எவை என்று கேட்டால் பயனுள்ள விடை கிடைக்கும். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தியது, வெள்ளை வேட்டியை விட்டு அடர்நிற உடைக்கு மாறியது, மாலை நடைக்குச் செல்லும் நண்பர் கூட்டத்தைத் தவிர்த்தது, குடி கூடியது போன்றவை அந்த விடையில் இருக்கும். ஆண்களின் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல், எரிச்சலாகவும் ஒதுங்கலாகவும் மதுவாகவும் வெளிப்படுவது மிகுதி என்பதை நினைவில் வைத்து அந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

மாற்றம் எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதும் முக்கியம். முதியவர் ஒருவர் ஓரிரு நாள்களுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, இரவில் கத்துவது, இல்லாததைப் பார்ப்பது என்று மாறினால், அதை மனநோய் என்றோ வயோதிகம் என்றோ ஒதுக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சிறுநீர்த் தொற்றோ, முழுவதும் அடைபட்டு நிரம்பிய சிறுநீர்ப்பையோ முதியவர்களிடம் இப்படிப்பட்ட சித்தக் குழப்பத்தை உண்டாக்கும். அடைப்புதான் காரணம் என்றால், குழாய் போட்டு நீரை வெளியேற்றிய பிறகு பழைய மனிதர் திரும்பிவிடுவதும் உண்டு. வாரக்கணக்கில் பசியின்மை, சோம்பல், எதிலும் நாட்டமின்மை என்று மெல்ல வருவது மனச்சோர்வாக இருக்கலாம். ஆனால் அதோடு தூக்கத்தில் படுக்கை நனைவதும், பகலில் சொட்டுச் சொட்டாக வடிவதும் சேர்ந்திருந்தால், வலியில்லாமல் தேங்கிய சிறுநீர் சிறுநீரகத்தைப் பாதித்திருக்கக்கூடும் என்பதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்திலும் வயிற்று ஸ்கேனையும் பார்க்காமல் மனச்சோர்வு மாத்திரையைத் தொடங்குவது சரியல்ல. மாதக்கணக்கில் நடை தடுமாறி, மறதியும் மந்தமும் கூடி, சிறுநீர் அடங்காமலும் போனால் அது புரோஸ்டேட் சம்பந்தப்பட்டதாகவே இல்லாமல், மூளையில் நீர் தேங்கும் நோயாக இருக்கலாம். 1965-இல் விவரிக்கப்பட்ட இந்த மூன்று அறிகுறிக் கூட்டு, உரிய நேரத்தில் கண்டறிந்தால் அறுவைச் சிகிச்சையால் பலருக்கு ஓரளவேனும் சீராகக்கூடியது என்பதால் நரம்பியல் மருத்துவரின் கருத்து அவசியம்.

மூன்று நாள் குறிப்பேடு

ஓர் அளவுக் குவளையும் ஒரு நோட்டும் போதும். தொடர்ந்து மூன்று நாள்கள், ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் நேரத்தையும் மில்லி அளவையும், குடித்த தண்ணீர், காபி, மோர் ஆகியவற்றின் அளவையும் எழுத வேண்டும். வழக்கமாக மருத்துவர்கள் கேட்பது இவ்வளவே. இதோடு இரண்டு குறிப்புகளைச் சேர்க்கச் சொல்வேன். ஒன்று, ஒவ்வொரு முறையும் முட்டிக்கொண்டு வந்ததால் போனீர்களா, வெளியே கிளம்புவதற்கு முன் எதற்கும் ஒருமுறை போய்விடுவோம் என்று போனீர்களா என்பது. மற்றொன்று, இரவில் சிறுநீர் எழுப்பியதால் விழித்தீர்களா, விழித்துவிட்டதால் போனீர்களா என்பது. இந்த இரண்டாவது வேறுபாடு சின்னதாகத் தோன்றும். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, பிறகு கவலையோடு புரண்டு, அதன்பின் கழிப்பறைக்குப் போகிறவரின் முதல் தொல்லை புரோஸ்டேட் அல்ல, வழக்கத்தைவிட வெகு முன்னதாக விழிப்புத் தட்டுவது மனச்சோர்வின் அறியப்பட்ட அடையாளம்.

குறிப்பேடு முடிந்ததும், படுத்த பிறகு கழித்த அளவையும் காலையில் எழுந்தவுடன் கழித்த முதல் அளவையும் கூட்டி, 24 மணி நேர மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும். முதியவர்களுக்கு இரவுப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டினால், உடல் இரவில்தான் மிகுதியாகச் சிறுநீரை உற்பத்தி செய்கிறது என்று பொருள். கால் வீக்கம், இதயக் கோளாறு, குறட்டையோடு மூச்சு நின்று வரும் நோய், மாலையில் எடுக்கும் நீர் பிரியும் மாத்திரை ஆகியவற்றில் காரணத்தைத் தேட வேண்டும். இரவும் பகலும் சேர்ந்தே மொத்தம் மூன்று லிட்டரைத் தாண்டினால் முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நூறு மில்லிக்கும் குறைவாகப் பல முறை என்றால் சிறுநீர்ப்பை, புரோஸ்டேட், பதற்றம் ஆகிய மூன்றும் சந்தேகத்துக்கு உரியவை.

அதே நோட்டில் மனநிலைக்கு பி.எச்.கியூ.-9 என்ற ஒன்பது கேள்வித் தாளின் விடைகளையும் எழுதலாம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், தலா 0 முதல் 3, மொத்தம் 27. 10-உம் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆனால் சிறுநீர்த் தொல்லை உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. தூக்கம், களைப்பு பற்றிய கேள்விகளில் வரும் மதிப்பெண் இரவில் எழுந்ததால் மட்டுமே கூடியிருக்கக்கூடும் என்பதால், எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமையைக் கேட்கும் முதல் கேள்வியையும், சோகத்தையும் நம்பிக்கையின்மையையும் கேட்கும் இரண்டாவது கேள்வியையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு 1 வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே ஒருவரிடம் பேசிவிட வேண்டும். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும், இலங்கையில் 1926 எண்ணும் உள்ளன.

இரவையும் வெளியுலகையும் மீட்டெடுத்தல்

மனநிலையைத் தேற்ற ஒன்றை மட்டும் முதலில் சரிசெய்ய முடியும் என்றால், இரவுத் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். படுக்கைக்குப் போவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே தண்ணீரைக் குறைத்துக்கொள்வதும், மாலைக்குப் பிறகு காபி, தேநீர், மது ஆகியவற்றைத் தவிர்ப்பதும், கால் வீக்கம் உள்ளவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்து அந்த நீரைத் தூங்கும் முன்பே வெளியேற்றிவிடுவதும், நீர் பிரியும் மாத்திரையின் நேரத்தை முன்னே தள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதும் பலன் தரக்கூடியவை. பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது மட்டும் கூடாது. நம் ஊர் வெயிலில் அது கல்லையும் தொற்றையும் மலச்சிக்கலையும் கொண்டுவரும், மலச்சிக்கல் சிறுநீர்த் தொல்லையை மேலும் கூட்டும். கட்டிலுக்கு அருகே யூரின் கேன் வைத்துக்கொள்வதை அவமானமாக நினைப்பவர்கள் உண்டு. இருட்டில் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களைப் பார்த்திருந்தால் அப்படி நினைக்கமாட்டார்கள்.

பகலில் நடப்பது வேறு. அவசரம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் அரை மணிக்கொரு முறை போய்வருபவரின் சிறுநீர்ப்பை, சிறிது நிரம்பினாலே சமிக்ஞை அனுப்பப் பழகிவிடுகிறது. அச்சம் குறைவதற்காகச் செய்த செயலே அச்சத்தை வளர்க்கிறது. குறிப்பேட்டில் முன்னெச்சரிக்கையாகப் போன முறைகள் மிகுதியாக இருந்தால், அவற்றை ஐந்து நிமிடம் தள்ளிப்போடுவதில் தொடங்கி, சில வாரங்களில் கால் மணி, அரை மணி என்று இடைவெளியை நீட்ட வேண்டும். திடீரென்று அவசரம் வரும்போது ஓடக்கூடாது. நின்றோ உட்கார்ந்தோ, காற்றை அடக்குவது போல ஆசனவாயைச் சுற்றியுள்ள தசைகளை நான்கைந்து முறை விரைவாக இறுக்கி விட்டு, நூறிலிருந்து பின்னோக்கி எண்ணினால், பெரும்பாலும் அலை தணியும். தணிந்த பிறகு நிதானமாக நடந்து போகலாம். போய் முடித்த பின் சொட்டுவதால் உடை நனைகிறது என்ற கூச்சத்துக்கு எளிய தீர்வு, விதைப்பைக்குப் பின்னால் விரல்களால் அழுத்தி முன்னோக்கி வழித்து, குழாயில் தங்கிய சில துளிகளை வெளியேற்றிவிடுவது. சிலருக்கு இந்த ஒரு பழக்கமே வேட்டி கட்டும் துணிவைத் திருப்பித் தந்துவிடும்.

பயணத்தில் வண்டி எங்கே நிற்கும் என்று விசாரிப்பதும், பேருந்தை விட்டு ரயிலைத் தேர்வதும், ஓர இருக்கையைக் கேட்டு வாங்குவதும் விவேகம். கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்று பேத்தியின் காதுகுத்துக்குப் போகாமல் இருப்பது விவேகம் அல்ல, நோய் வாழ்க்கையைச் சுருக்குவது. ஒரு மணி நேரப் பயணத்தில் தொடங்கி, அது பழகிய பின் இரண்டு மணி நேரம் என்று கூட்டிச் செல்ல வேண்டும். பக்கத்தில் ஆள் நின்றால் சிறுநீர் வரமறுக்கும் கூச்சத்துக்கும் இதே படிப்படியான பழக்கம்தான் மருந்து; அது சமூகப் பதற்றத்தின் ஒரு வடிவம், புரோஸ்டேட் மாத்திரைக்குக் கட்டுப்படாது.

மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தல்

வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், தலைவலிக்கும் சளிக்கும் கடையில் வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஏனென்றால் இரு திசையிலும் கேடு நடக்கிறது. நீரிழிவு நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின், சளி மாத்திரைகளில் உள்ள குளோர்ஃபெனிரமின், சூடோஎபெட்ரின் ஆகியவை புரோஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரை அடைத்துவிடக்கூடும். மனநல மருத்துவரிடம் புரோஸ்டேட் பற்றிச் சொன்னால், சிறுநீரைத் தடுக்கும் தன்மை குறைந்த மருந்தை அவர் தேர்ந்தெடுப்பார். சொல்லக் கூச்சப்பட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. அவசரத்தை அடக்கத் தரப்படும் ஆக்ஸிபியூட்டினின் முதியவர்களிடம் மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கக்கூடியது. அந்தக் குறை இல்லாத மாற்று மருந்துகள் உள்ளன.

சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு, டூடாஸ்டரைடு ஆகியவற்றைத் தொடங்கும்போது, தேதியை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றின் முழுப்பலன் தெரிய ஆறு மாதம் ஆகலாம், காம நாட்டம் குறையலாம். ஃபினாஸ்டரைடு எடுப்பவர்களுக்குத் தற்கொலை எண்ணம் ஏற்படக்கூடும் என்பதை ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025-இல் பக்கவிளைவாக உறுதிசெய்தது. பெரும்பாலோர் இவற்றைச் சிக்கலின்றி எடுக்கிறார்கள் என்பதும் உண்மையே. தொடங்கிய பின் மனம் இருண்டதாகத் தோன்றினால், இதற்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று காத்திராமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டாம்சுலோசினும் சைலோடோசினும், புரோஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் அறுவையும், உச்சத்தின்போது விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் பின்னோக்கிச் செல்லச் செய்யலாம். இது உடலுக்குத் தீங்கில்லாதது, ஆனால் முன்கூட்டிச் சொல்லப்படாதவர் ஆண்மையே போய்விட்டது என்று உடைந்துபோகிறார். மருந்தைத் தொடங்கும் முன்னும், அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்திடும் முன்னும் இதைக் கேட்டுவிடுங்கள், மனைவியையும் உடன் வைத்துக்கொண்டு.

இளைஞர்களும் இடுப்பு வலியும்

ஐம்பதுக்குக் கீழ் உள்ள ஆண்களுக்கு அடிவயிறு, விதைப்பை, ஆசனவாய்க்கு முன்புறம் ஆகிய இடங்களில் மாதக்கணக்கில் வலியும் சிறுநீர்க் கடுப்பும் இருந்தால், பெரும்பாலும் அது கிருமி இல்லாத நாள்பட்ட இடுப்பு வலி. கிருமி இல்லை என்று பரிசோதனை சொன்ன பிறகும் ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிச் சாப்பிடுவதில் பயனில்லை. இந்நோயை மதிப்பிட 2009-இல் முன்வைக்கப்பட்ட ஆறு பிரிவு முறையில் மனநிலைக்கே ஒரு தனிப்பிரிவு உண்டு. வலியை எண்ணி எண்ணிப் பேரழிவாகக் கற்பனை செய்வதும், மனச்சோர்வும் அதில் கேட்கப்படுகின்றன. இவர்களில் பலருக்கு இடுப்புத் தளத் தசைகள் ஏற்கனவே இறுகியிருப்பதால், யூடியூபில் பார்த்து இறுக்கும் பயிற்சி செய்தால் வலி கூடும். தளர்த்தும் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கற்க வேண்டும்.

சிறுநீர் கலங்கலாகப் போவதைப் பார்த்து விந்து கரைந்து போகிறது, உடல் வலு இழக்கிறது என்று அஞ்சும் இளைஞர்கள் தெற்காசியா முழுவதும் உள்ளனர். 1960-இல் இந்திய மனநல மருத்துவர் விக் இதற்குத் தாத் நோய்க்குறி என்று பெயரிட்டார்; தாத் என்றால் இங்கே விந்து. கலங்கல் பெரும்பாலும் பாஸ்பேட் உப்பு. சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று போதும் அதை அறிய. அந்த அச்சத்துக்குப் பின்னால் பதற்றமோ மனச்சோர்வோ இருப்பதே வழக்கம் என்பதால், லாட்ஜில் அறை எடுத்து ஆண்மைக்கு லேகியம் விற்பவர்களிடம் கொடுக்கும் பணத்தை வைத்து நல்ல மருத்துவர் ஒருவரிடம் பல முறை ஆலோசனை பெற்றுவிடலாம்.

பி.எஸ்.ஏ. முடிவுக்குக் காத்திருப்பவர்கள்

பி.எஸ்.ஏ. என்பது புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்; புரோஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்க அதை இரத்தத்தில் அளக்கிறார்கள். இங்கே சொல்ல வேண்டியது குறைவு. தொற்றும், சிறுநீர் அடைப்பும் பி.எஸ்.ஏ. அளவை உயர்த்தும், ஒரு முடிவை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவுகட்டி இரவெல்லாம் விழித்திருக்கத் தேவையில்லை. ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்று உறுதியானவர்களும் அவசரப்பட வேண்டியதில்லை: பிரிட்டனில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்துப் பின்தொடர்ந்த ஆய்வில், 15 ஆண்டுகளுக்குப் பின் எந்தப் பிரிவிலும் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் அந்தப் புற்றுநோயால் இறக்கவில்லை என்று 2023-இல் வெளிவந்தது. ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசி போடப்படுபவர்களுக்கு உடல் திடீரென்று சூடாவதும், களைப்பும், காரணமின்றி அழுகை வருவதும் மருந்தின் விளைவுகள். அவை அவர்களது பலவீனம் அல்ல என்பதை வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

மருத்துவரிடம் சொல்வதும், திரும்ப அளப்பதும்

கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் பேச இரண்டு மூன்று நிமிடங்களே கிடைக்கும் என்பதால், நோட்டின் முதல் பக்கத்திலேயே மூன்று எண்களை எழுதிக் காட்டுங்கள்: ஏழு கேள்விகளின் மொத்தம், எட்டாவது கேள்வியின் விடை, பி.எச்.கியூ.-9 மதிப்பெண். இரவுத் தூக்கம் கெட்டதிலிருந்து எதிலும் மனம் ஒட்டவில்லை, இரண்டும் சேர்ந்தே இருக்கிறது என்ற ஒரு வாக்கியம் போதும். சிறுநீர் அறவே வராமல் அடிவயிறு வலித்தால், இரத்தம் கலந்து போனால், குளிரோடு காய்ச்சல் வந்தால், அல்லது காலில் பலமின்மையோடு ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போனால் நோட்டு எதுவும் வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் ஆனதும் அதே எட்டு கேள்விகளையும் ஒன்பது கேள்விகளையும் மறுபடி நிரப்புங்கள். சிறுநீர் மதிப்பெண் நன்றாகக் குறைந்தும் எட்டாவது கேள்வியின் விடை 5-இலேயே நின்றால், மாத்திரையின் அளவைக் கூட்டக் கேட்காமல் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ வேறு மனநல மருத்துவரிடமோ காட்டுங்கள். மனம் தேறி, சிறுநீர் மதிப்பெண் மட்டும் 20-க்குக் கீழே இறங்காவிட்டால், தாரையின் வேகத்தையும், போன பின் பையில் மிஞ்சும் நீரின் அளவையும் சோதித்துப் பார்த்து அடுத்த சிகிச்சையைப் பற்றிச் சிறுநீரியல் மருத்துவரிடம் பேச அதுவே நேரம்.